மணலில் படர்ந்த இளஞ்சிவப்புப் பூ: கலிபோர்னியப் பாலைவனச் செடி ஒன்றை அடையாளம் காண உதவுங்கள்

நெய்தல்வீதி | வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா சான் டியேகோவில் இருக்கிறா. மழைக்காலம் முடிந்த கையோடு அன்சா பொறேகோ பாலைவனப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய்வந்து, படங்களை அனுப்பியிருக்கிறா. வெறும் மணல் தரை, அதன்மேல் கண்ணுக்கெட்டும் தூரம் வரை இளஞ்சிவப்பு. ஊதா என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். செடி எழுந்து நிற்கவில்லை, தரையோடு படர்கிறது. பூக்கள் உருண்டைக் கொத்தாக இருக்கின்றன. ஒவ்வொரு சிறு பூவுக்கும் நடுவில் வெளிறிய பொட்டு. இலை தடிப்பாக, ஏறக்குறைய வட்டமாக இருக்கிறது. இலை, தண்டு எல்லாவற்றிலும் மணல் அப்பியிருக்கிறது.

நான் செடிகளை நீர்வர்ணத்தில் வரைகிறவள். நிறத்தைப் படத்தைப் பார்த்து எடுத்துவிடலாம். ஆனால் இலை தண்டில் எப்படிச் சேர்கிறது, பூவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது தெரியாமல் வரைந்தால் அது பொய்ப் படமாகிவிடும். போனில் இருக்கும் செயலியிடம் காட்டினேன். மூன்று படங்களுக்கு மூன்று பெயர் சொல்கிறது. தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஈரப்பலா | தெகிவளை

வெர்பீனா. எனக்குச் சந்தேகமே இல்லை. நாற்றுமேடைகளில் சின்னத் தொட்டிகளில் விற்பார்களே, அதே கொத்து, அதே ஐந்து மடல், மடல் நுனியில் அதே வெட்டு. தொட்டியில் வைத்தால் அதுவும் வழிந்து படரும். அமெரிக்கப் பாலைவனங்களில் காட்டு வெர்பீனா இனங்கள் இருக்கின்றன, குடிங் வெர்பீனா என்று ஒன்றை இணையத்தில் பார்த்திருக்கிறேன். நிறமும் இதேதான்.

கொட்டாஞ்சேனை மைந்தன் | கொழும்பு 13

எனக்கு முதலில் உண்ணிச்செடி என்றுதான் பட்டது. தண்டவாளக் கரையில் வளர்கிறதே, அதன் இளஞ்சிவப்பு வகை. ஆனால் உண்ணிச்செடி இப்படி வட்ட இலை போடாது. அது சொரசொரப்பாக, ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும். தண்டும் நாற்சதுரமாக முள்ளோடு வரும். எனவே அதை நானே விலக்கிவிடுகிறேன். ஈரப்பலா அண்ணா சொல்வதுதான் சரி போலிருக்கிறது.

இலைநரம்பு | பம்பலப்பிட்டி

தங்கச்சி, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் படிப்பித்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொத்தாகப் பூப்பது, ஐந்து மடல், இளஞ்சிவப்பு. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று உறவில்லாத பல குடும்பங்களில் உண்டு. நிறத்தையும் முகத்தையும் வைத்துப் பெயர் சொல்லப் போனால் செயலி மாதிரித்தான் தடுமாறுவோம். படங்கள் எல்லாமே மேலிருந்து எடுத்தவை. எனக்கு வேண்டியது பூவின் பின்புறம். அக்காவிடம் வேறு படங்கள் இருந்தால் பின்வருவனவற்றைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே வருகின்றனவா, அல்லது ஒன்றுவிட்டு ஒன்றா? எதிரெதிரே என்றால் அந்தச் சோடியில் இரண்டும் ஒரே அளவா? இலை ஓரம் வெட்டுப்பட்டதா, முழுமையானதா? கொத்தின் அடியில், எல்லாப் பூக்களும் புறப்படும் இடத்தில், சருகு போல ஏதாவது சுற்றி நிற்கிறதா? மிக முக்கியமானது இது: தனிப் பூ ஒவ்வொன்றுக்கும் அடியில் அதற்கென்று ஒரு சின்னப் பச்சைக் கிண்ணம், அதாவது புல்லி வட்டம், இருக்கிறதா?

வெர்பீனா என்றால் அந்தப் பச்சைக் கிண்ணம் குழாய் வடிவில் கட்டாயம் இருக்கும். பூ உதிர்ந்த பிறகும் அது காம்பிலேயே நிற்கும். கொத்து மேல்நோக்கி நீண்டுகொண்டு போக, கீழே வெறும் பச்சைக் குழாய்கள் மிஞ்சும். தொட்டியில் வெர்பீனா வைத்திருப்பவர்கள் இப்போதே போய்ப் பார்க்கலாம். குடிங் வெர்பீனாவின் இலையும் ஆழமாகப் பிளவுபட்டது. இந்தப் படங்களில் தெரியும் தடித்த வட்ட இலை அதற்குப் பொருந்தாது.

பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது. பழைய படங்களையே பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

நெய்தல்வீதி | வெள்ளவத்தை

நன்றி டீச்சர். அக்காவுக்கும் எங்களுக்கும் பன்னிரண்டரை மணி வித்தியாசம், அதனால்தான் பதில் பிந்திவிட்டது. வட்ஸ்அப்பில் வந்த படங்களைப் பெரிதாக்கினால் ஒன்றும் விளங்கவில்லை. முழு அளவில் திரும்ப அனுப்பச் சொன்னேன். இப்போது பக்கவாட்டிலிருந்து எடுத்த படமும், அக்காவின் மகன் தரையில் படுத்துக் கீழிருந்து எடுத்த படமும் வந்திருக்கின்றன. நல்ல பிள்ளை.

இலைகள் எதிரெதிரே வருகின்றன. சோடியில் ஒன்று பெரிது, மற்றது தெளிவாகவே சிறிது. ஓரம் முழுமையானது, இலேசாக அலைபாய்கிறது. பூங்காம்பு இலைக்கக்கத்திலிருந்து நிமிர்ந்து வருகிறது, அதன் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து எல்லாப் பூக்களும் விரிகின்றன. அந்தப் புள்ளியைச் சுற்றி ஐந்து மெல்லிய, மங்கலான செதில்கள் நிற்கின்றன. தனிப் பூக்களுக்குப் பச்சைக் கிண்ணம் எதுவும் தெரியவில்லை. இளஞ்சிவப்புக் குழாய் நேரே அடிவரை போகிறது, அடியில் கொஞ்சம் தடித்திருக்கிறது. தண்டு முழுக்க மயிர். சிறு துளிகள் மினுங்குகின்றன.

இலைநரம்பு | பம்பலப்பிட்டி

அருமையான அவதானிப்பு. இனி வெர்பீனாவை விட்டுவிடலாம். இது போகன்வில்லாவின் குடும்பம், நிக்டாஜினேசியே.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இந்தக் குடும்பத்துக்கு உண்மையான அல்லி இதழே கிடையாது. நமக்கு இதழாகத் தெரிவது நிறம் ஏறிய புல்லி. அதனால்தான் பச்சைக் கிண்ணம் தனியாக இல்லை. கொத்துக்கு அடியில் நீங்கள் கண்ட ஐந்து செதில்களும் பூவடியிலைகள்.

நம்பக் கஷ்டமாக இருந்தால் யாருடைய முற்றத்திலாவது பின்னேரம் மலரும் அந்திமந்தாரையைப் பாருங்கள். அந்த நிறமான புனல்தான் புல்லி. அடியில் பச்சைக் கிண்ணம் போல இருப்பது புல்லியே அல்ல, பூவடியிலைகள் சேர்ந்து அமைந்தது. பூ வாடியபின் குழாயின் அடிப்பகுதி மட்டும் உதிராமல் தங்கி, காயைச் சுற்றி இறுகிக் கறுப்பாகும். மிளகு போல நாம் பொறுக்கும் "விதை" அந்த உறையோடு சேர்ந்ததுதான். போகன்வில்லாவிலோ நிறம் முழுவதும் பூவடியிலைக்குப் போய்விட்டது. உண்மையான பூ அதற்குள் நிற்கும் சின்ன வெள்ளைக் குழாய். ஒரே குடும்பத்துக்குள் நிறத்தை ஏந்தும் வேலையை ஒவ்வொன்றும் வெவ்வேறு உறுப்பிடம் கொடுத்திருக்கிறது. இத்தனை வருடம் படிப்பித்தும் எனக்கு இது அலுக்கவே இல்லை.

அளவில் ஒவ்வாத இலைச் சோடியும் இந்தக் குடும்பத்தில் அடிக்கடி காணும் அடையாளம். கொழும்பில் நடைபாதை வெடிப்புகளில் வளரும் மூக்கிரட்டையைத் தூக்கிப் பாருங்கள், ஒரு கணுவில் பெரியதும் சிறியதுமாக இரண்டு இலை இருக்கும். போகன்வில்லா மட்டும் ஒன்றுவிட்ட இலை போடும். ஆகவே இலையை மட்டும் வைத்துக் குடும்பத்தை முடிவுசெய்யவும் முடியாது. பூவின் அடியையும் இலைச் சோடியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

என் ஊகம் அப்ரோனியா என்ற பேரினம். ஆங்கிலத்தில் சாண்ட் வெர்பீனா என்று அழைப்பார்கள், வெர்பீனாவோடு உறவு எதுவும் இல்லை.

கள்ளிக்காடு | நுகேகொடை

டீச்சர், குடும்பம் சரி. ஆனால் பேரினத்தில் ஒரு தடை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அரிசோனாவில் வேலை பார்த்த காலத்தில் மணலில் தவழும் இன்னொரு இளஞ்சிவப்புச் செடியை நிறையப் பார்த்தேன். அலியோனியா இன்கர்னாட்டா. அதுவும் நிக்டாஜினேசியே, அதற்கும் இலைகள் எதிரெதிரே ஒவ்வாத சோடியாக வரும், அதுவும் பசபசக்கும், அதிலும் மணல் ஒட்டும். தங்கச்சி சொன்ன அடையாளங்களில் பெரும்பகுதி அதற்கும் பொருந்துகிறதே? கலிபோர்னியப் பாலைவனத்திலும் அது இருக்கிறது.

இலைநரம்பு | பம்பலப்பிட்டி

நியாயமான தடை தம்பி. இதைக் கேட்காமல் விட்டிருந்தால் பதில் பாதிதான்.

அலியோனியாவின் "பூ" உண்மையில் மூன்று பூ. மூன்றும் ஒட்டி நின்று, ஒவ்வொன்றும் தன் மடல்களை வெளிப்பக்கம் மட்டுமே விரித்து, ஒரே பூவாகக் கண்ணை ஏமாற்றும். தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பூவும் ஒருபக்கம் சாய்ந்தது. அப்ரோனியாவில் ஒவ்வொரு பூவும் தன்னளவில் வட்டமாக, ஐந்து மடலோடு, நீண்ட குழாயின் உச்சியில் விரியும். ஒரு கொத்தில் பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வரை இருக்கலாம்.

நெய்தல்வீதி, ஒரு கொத்தில் எத்தனை என்று எண்ண முடியுமா?

நெய்தல்வீதி | வெள்ளவத்தை

எண்ணினேன். ஒன்றில் இருபத்திரண்டு, இன்னொன்றில் இருபத்தாறு. பின்பக்கம் மறைந்தவை தனி. ஒவ்வொரு பூவும் முழு வட்டம். மடல் ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிளந்திருப்பதால் முதல் பார்வைக்குப் பத்து மடல் போலத் தெரிகிறது.

கள்ளிக்காடு | நுகேகொடை

அப்படியானால் அப்ரோனியாதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். அலியோனியா ஒருபோதும் அப்படிப் பந்து போலக் கொத்துப் போடாது. அன்சா பொறேகோவில் ஹென்டர்சன் கன்யன் வீதியோரம் இந்தச் செடிக்குப் பேர்போன இடம். நல்ல மழை பெய்த வருடங்களில் இளஞ்சிவப்பு அப்ரோனியாவும் மஞ்சள் நிறப் பாலைச் சூரியகாந்தியும் ஈனோதெரா என்ற வெள்ளைப் பூச்செடியும் ஒன்றாகப் பூத்திருக்கும். 2017, 2019 ஆண்டுகளில் அங்கே பூத்த பூக்களைப் பார்க்க வந்த கூட்டத்தால் பொறேகோ ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரே திணறியது.

மணற்காட்டான் | கல்கிசை

பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த மணல் ஒட்டுகிற விசயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நான் வடமராட்சிக்காரன், மணற்காட்டு மேடுகளில் வளர்ந்தவன். எங்கள் அடம்பன் கொடியும் மணலில்தான் கிடக்கிறது. இங்கே வெள்ளவத்தைக் கடற்கரையிலும் தண்டவாளத்துக்கு அப்பால் அதைப் பார்க்கலாம். அடம்பன் இலையில் மணல் ஒட்டாது, வழுவழுவென்று காற்றில் துடைபட்டுக் கிடக்கும். இந்தச் செடி மட்டும் ஏன் மணலைப் பூசிக்கொள்கிறது? வெயில் படாமல் இலை எப்படி உணவு தயாரிக்கும்?

கள்ளிக்காடு | நுகேகொடை

மணற்காட்டான் அண்ணை, இதை உண்மையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியக் கடற்கரையில் வளரும் மஞ்சள் அப்ரோனியாவில் செய்த ஆய்வு, 2016 இல் வெளியானது. சில செடிகளில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டார்கள், மற்றவற்றை அப்படியே விட்டார்கள். துடைத்த செடிகளைப் பூச்சிகளும் மற்றவையும் கூடுதலாகக் கடித்துத் தின்றன.

அதோடு நிற்கவில்லை. மணல் செடியை மறைப்பதால்தான் தப்புகிறதா, அல்லது கடிக்கக் கரகரப்பதால் தப்புகிறதா என்று கேட்டார்கள். இந்த ஆய்விலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். இதற்கு விடை காண, மணலைப் பிடிக்கும் வேறொரு சிறு செடியை எடுத்தார்கள். ஒரு பகுதிக்குத் தரையின் நிறத்திலேயே மணல், இன்னொரு பகுதிக்கு எடுத்துக்காட்டும் வேறு நிற மணல். இரண்டுக்கும் ஒரே பாதுகாப்புத்தான் கிடைத்தது. ஆக, ஒளிந்துகொள்வதற்கு அல்ல. மணலை மெல்ல யாருக்கும் விருப்பமில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பசை சுரப்பி மயிர்களிலிருந்து வருகிறது. தங்கச்சி கண்ட மினுங்கும் துளிகள் அவைதான்.

ஈரப்பலா | தெகிவளை

அப்ரோனியாவிலும் பல இனம் இருக்குமே? கள்ளிக்காடு மஞ்சள் ஒன்றைச் சொல்கிறார். இது எது என்று எப்படி முடிவெடுப்பது? வீட்டு வெர்பீனாவைப் போய்ப் பார்த்தேன், பச்சைக் குழாய்கள் அச்சொட்டாக டீச்சர் சொன்ன மாதிரியே நிற்கின்றன.

இலைநரம்பு | பம்பலப்பிட்டி

இந்தக் கட்டத்தில்தான் இடம் பேச ஆரம்பிக்கிறது. கடற்கரை மணலில் மஞ்சளாகப் பூப்பது லற்றிஃபோலியா. கடற்கரையிலேயே, இலை சதைப்பற்றோடு, பூ கருஞ்சிவப்பு ஊதாவாக இருந்தால் மரிற்றிமா. இளஞ்சிவப்பாகப் பூத்துக் கடற்கரையோடு நிற்பது அம்பெலாற்றா. இந்தப் பேரினத்துக்குள் ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் கையில் முதலில் கிடைத்ததும் அதுதான். 1786 இல் லா பெரூஸ் என்ற பிரெஞ்சு மாலுமியின் கப்பல்கள் கலிபோர்னியாவின் மொன்ரறேயில் தங்கியபோது சேர்த்த விதை பாரிசுக்குப் போய் அங்கே முளைத்தது.

நம்முடைய படம் கடலிலிருந்து மலைத்தொடர் தாண்டி உள்ளே, பாலைவனத் தாழ்நிலத்தில் எடுத்தது. தண்டு முழுக்க நீண்ட மென்மயிர், பசை, முட்டை வட்ட இலை, இளஞ்சிவப்பு ஊதாப் பூ. இவை எல்லாம் சேர்ந்தால் அப்ரோனியா வில்லோசா. காய் கிடைத்தால் அதையும் பார்க்கச் சொல்வேன், இறகு போன்ற விளிம்புகள் இருக்கும். அது காற்றில் உருண்டு போவதற்கு. அந்திமந்தாரையில் கறுத்து இறுகிய அதே உறைதான் இங்கே இறகாகியிருக்கிறது.

அக்காவிடம் இன்னொன்றும் கேளுங்கள். பொழுது சாயும் நேரம் அங்கே நின்றாவா? மணம் இருந்ததா?

நெய்தல்வீதி | வெள்ளவத்தை

கேட்டேன் டீச்சர். பின்னேரம் கார்க் கண்ணாடியை இறக்கியதும் இனிப்பான வாசம் வந்ததாம், எங்கிருந்து என்று விளங்கவில்லையாம்.

அதோடு வேறு இரண்டு படங்களும் அனுப்பியிருக்கிறா. ஒன்று அங்கே பூத்திருந்த ஒரு வெள்ளைப் பூ. மற்றதில் இதே செடியில் ஒரு பெரிய புழு. பச்சை உடலில் கறுப்பும் மஞ்சளும் கலந்த வரிகள், வால் பக்கம் கொம்பு. செடிக்கு நோயா?

கள்ளிக்காடு | நுகேகொடை

நோய் இல்லை, விருந்தாளி. வெள்ளைவரி ஸ்பிங்ஸ் என்னும் விட்டிலின் புழு. நம் ஊர் அலரியில் கொம்போடு ஒரு தடித்த பச்சைப் புழு வருமே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. நல்ல பூ வருடங்களில் இவை மணலில் ஆயிரக்கணக்கில் ஊரும், அப்ரோனியாவையும் ஈனோதெராவையும் மொட்டையடிக்கும். பின்னர் மண்ணுக்குள் போய் விட்டிலாகி வந்து, இரவில் நீண்ட குழாய்ப் பூக்களில் தேன் குடிக்கும். இளமையில் இலையைத் தின்கிறது, வளர்ந்தபின் மகரந்தம் சுமக்கிறது. பின்னேர வாசம் இப்படிப்பட்ட இராப்பூச்சிகளுக்கான அழைப்பு.

ஆர்ஜென்ரீனாவிலிருந்து வடக்கே திரும்பும் ஸ்வைன்சன் பருந்துகள் வசந்தத்தில் பொறேகோ பள்ளத்தாக்கில் இறங்கி இந்தப் புழுக்களைத் தின்றுவிட்டுப் போகும். அந்தப் பருந்துகளை எண்ணுவதற்கென்றே ஆட்கள் அங்கே காலையில் நிற்பார்கள். அக்கா அடுத்த முறை போனால் தரையோடு வானத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை மைந்தன் | கொழும்பு 13

இவ்வளவு வடிவான செடி. கொஞ்சம் விதை கொண்டுவரச் சொன்னால் மொட்டை மாடியில் மணல் தொட்டி வைத்துப் பார்க்கலாமே? இங்கே வெயிலுக்குக் குறைவில்லை.

இலைநரம்பு | பம்பலப்பிட்டி

வேண்டாம் தம்பி. முதலாவது, அந்தப் பூங்காவில் விதையோ பூவோ எடுப்பது சட்டப்படி குற்றம். இரண்டாவது, இலங்கைக்குள் விதை கொண்டுவர 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதிப் பத்திரமும் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு கட்டுநாயக்காவில் இறங்கக் கூடாது. உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான், இன்று காடெல்லாம் அதுதான்.

மூன்றாவது, வெயில் மட்டும் போதாது. பொறேகோவில் வருடம் முழுக்கப் பெய்வது 200 மில்லிமீற்றருக்கும் குறைவு. கொழும்பில் 2,000 மில்லிமீற்றருக்கு மேல். அங்கே ஓராண்டுச் செடியின் விதை ஒரு தூறலுக்கு ஏமாறாமல், 25 மில்லிமீற்றர் அளவில் ஒரு நல்ல மழை மண்ணை நனைக்கும்வரை காத்துக் கிடக்கும். பிறகு குளிர்காலம் முழுக்க மெதுவாக வளரும். எங்கள் ஈரக் காற்றில் அந்த மயிரடர்ந்த இலை பூஞ்சணம் பிடித்து அழுகிவிடும். அந்திமந்தாரை வையுங்கள், அதே குடும்பம், நாற்றுமேடைக்குக்கூடப் போக வேண்டாம், பக்கத்து வீட்டில் விதை கிடைக்கும்.

மணற்காட்டான் | கல்கிசை

அந்தச் செயலி விசயத்தையும் யாராவது சொல்லிவிடுங்கள். என் மகளும் எல்லாவற்றையும் போனிலேயே கேட்கிறாள்.

கள்ளிக்காடு | நுகேகொடை

செயலி கெட்டதல்ல அண்ணை. ஐநேச்சுரலிஸ்ட் போன்றவை படத்தோடு இடத்தையும் நாளையும் பார்க்கும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு இடம், நேரம் எல்லாம் கழன்றுவிடும். செயலிக்கு அது கலிபோர்னியாவா கல்கிசையா என்று தெரியாது. கோப்பாக அனுப்பச் சொன்னால் அவை தங்கும். அத்தோடு ஒரே செடியில் முன்புறம், பக்கவாட்டு, கொத்தின் அடி, இலைச் சோடி என்று நான்கு கோணத்தில் எடுக்கச் சொல்லிப் பழக்குங்கள். அளவு விளங்கப் பக்கத்தில் ஒரு நாணயம் வைக்கலாம்.

நெய்தல்வீதி | வெள்ளவத்தை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வரைபடத்தை இப்படி அமைக்கப் போகிறேன்: நடுவில் படரும் தண்டு, ஒவ்வாத இலைச் சோடி தெளிவாகத் தெரியும்படி. ஒரு கொத்து மேலிருந்து, இன்னொன்று கீழிருந்து ஐந்து பூவடியிலைகளோடு. ஓரத்தில் ஒரு தனிப் பூவை நீளவாக்கில் பிளந்து காட்ட விருப்பம். டீச்சர், குழாயின் அடியில் சூலகம் எங்கே வரும்? மணலையும் வரையவா, விடவா?

இலைநரம்பு | பம்பலப்பிட்டி

சூலகம் குழாயின் அடியிலேயே, தடித்த பகுதிக்குள் இருக்கும். ஆனால் அது குழாயோடு ஒட்டியதல்ல, மேற்சூலகம். குழாய் அதைச் சுற்றி இறுக்கமாக மூடியிருப்பதால் கீழ்ச்சூலகம் போலத் தோன்றும். பிளந்து காட்டும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு விடுங்கள். கேசரங்கள் குழாய்க்குள்ளேயே நிற்கும், வெளியே நீட்டாதீர்கள்.

மணலைக் கட்டாயம் வரையுங்கள். இலையின் அடியிலும் தண்டிலும் கூடுதலாக, பூவில் இல்லாமல். வரைந்து முடித்ததும் நிறம் பூசுவதற்கு முன் பென்சில் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அக்கா அனுப்பிய அந்த வெள்ளைப் பூவுக்குத் தனி இழை ஒன்று தொடங்குங்கள். நான்கு இதழ் என்றால் ஈனோதெராவாக இருக்கலாம், இலைப் படம் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.